மேஜர் புத்தகத்தில் இல்லாத நாள்

யதுகிரி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று பதினோரு வருஷமாக ஊரே கூடி யோசித்துக்கொண்டிருந்தது. யோசிக்காதவள் அவள் ஒருத்திதான். காலையில் குளித்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சொருகிக்கொண்டு மைசூர் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே வாழைக்காய் மண்டிக்கு மேலே மாடியில் பாலன் என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார். எட்டு மெஷின்கள், யதுகிரிக்கு அங்கே அடித்துக்கொடுக்கிற வேலை. எட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் கீழே மண்டிக்காரர் உத்தரத்தைப் பார்த்துத் திட்டுவார். அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்தால்தான் யதுகிரிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் சமஸ்தானப் பட்டாளத்தில் குமாஸ்தா. சிப்பாய்கள் ரைட்டர் என்பார்கள். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை, பேனா பிடிக்கிற வேலைதான், பயப்படாதே என்று சொல்லிவிட்டு 1941இல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். அவளுக்கு அப்போது இருபது வயசு. அடுத்த ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல மழை, ரசம்தான் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அவ்வளவுதான், பேச்சு மூச்சு இல்லை. சண்டையெல்லாம் ஓய்ந்து 1946இல் சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. காணவில்லை, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்றிருந்தது. கருதப்படுகிறதாம்! எங்கே, எப்படி, எந்த நாளில் என்று ஒரு வரி கிடையாது.

மாமனார் பேர் ஆழ்வார், பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர். ஃபாரஸ்ட் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆன பிறகும் ராத்திரி ஆனால் வாசலில் நின்று நிலாவைப் பார்த்து, இன்றைக்கு இன்ன திதி என்று சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். பிள்ளைக்கும் சின்ன வயசிலேயே அதைப் பழக்கியிருந்தார். அப்பேர்ப்பட்டவர் பிள்ளை செத்த திதி தெரியாமல் தவித்தார். நாள் தெரியாமல் என்னத்தைச் சிராத்தம் பண்ணுவது என்று சர்க்கார் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். சேதி இல்லாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், அப்புறம் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிடலாம் என்று புரோகிதம் பண்ணுகிற வாத்தியார் சொன்னார். அதுவரை மருமகள் சுமங்கலி. வருகிற மாசியோடு பன்னிரண்டு முடிகிறது. எந்த நாளில் எரிப்பது என்று இப்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. வாத்தியார் அமாவாசை என்பார், மாமனார் ஏகாதசி என்பார். கத்தரிக்காய்க்கு விலை பேசுகிற மாதிரி அவர்கள் பேசுவதைக் கேட்டால் யதுகிரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மனுஷர் இருக்கிறாரா, செத்தாரா, செத்தார் என்றால் எந்த நாளில். அது தெரிந்தால் அழுது தீர்த்துவிட்டு ஆக வேண்டியதைப் பார்ப்பாள்.

வரலட்சுமி நோன்புக்கு நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டு அவள் பக்கம் வரும்போது கொடுக்கலாமா வேண்டாமா என்று கண்ணால் பேசிக்கொள்வார்கள். ஒருத்தி கொடுப்பாள், அடுத்தவள் தட்டைத் தாண்டிக் கொண்டுபோவாள். கௌரம்மா என்று எதிர்வீட்டு மகராசி ஒருத்தி, நல்லவள்தான், ஒரு தடவை பாதிக் குங்குமம் கொடுத்தாள். பாதிக் குங்குமம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. யதுகிரி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பித்தளைச் செம்பைச் சுவரில் விட்டெறிந்தாள்.

1953 ஆவணியில் பாலன் ஒரு வேலை கொண்டுவந்தார். லட்சுமிபுரத்தில் மேஜர் கேசவமூர்த்தி என்று ஒருவர், மலேயா சண்டையெல்லாம் பார்த்தவர், தம் யுத்த அனுபவத்தை இங்கிலீஷில் புத்தகமாக எழுதுகிறார். அவர் வீட்டு வெராண்டாவில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை டைப் அடிக்க வேண்டும், தசராவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் கையில் கொடுத்து லண்டனில் அச்சுப்போட ஏற்பாடு செய்யப்போகிறார், தப்பில்லாமல் அடிக்க உன்னை விட்டால் ஆள் இல்லை என்றார். யதுகிரி சரி என்றாள். மலேயா என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் மலேயாவுக்குப் போன பட்டாளங்கள் எத்தனையோ.

முதல் நாள் மேஜர் அவளை உட்காரச் சொல்லி, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். யுத்தத்துக்குப் போனவர், சேதி இல்லை என்றாள். அடப் பாவமே, பேர் என்ன என்றார். யதுகிரி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அவர்கள் வீடுகளில் கிடையாது. காகிதத்தில் எழுதிக் காட்டுவார்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்வார்கள். பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மேஜர் நினைத்துக்கொண்டார். முதல் அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு காகிதம் எடுத்து எழுதிக் காட்டியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். அந்த வழக்கம் பாழாய்ப் போக.

மேஜரின் அறையில் நாலு அலமாரி நிறைய யுத்தப் புத்தகங்கள். ஜெனரல்கள் எழுதியவை, கர்னல்கள் எழுதியவை, ஜெனரல்களுக்கும் கர்னல்களுக்கும் சண்டை வந்து ஒருவரை ஒருவர் திட்டி எழுதியவை. எல்லாம் கப்பலில் வரவழைத்தவை. நடை எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள அவளிடமும் இரண்டு மூன்று கொடுத்தார். அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். நல்ல தாள், நடுநடுவே வண்ண வண்ணமாய் மடக்கு வரைபடம், அதில் அம்புக்குறிகள். இந்த அம்பு இந்த ஆற்றைத் தாண்டிற்று, அந்த அம்பு அந்தக் குன்றைச் சுற்றிவந்தது. சேதம் நானூறு என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஜெனரலுக்குத் தேநீர் வந்துவிடும். அந்த நானூறு பேருக்கும் வீடு இருந்ததா, வீட்டில் ஒருத்தி உலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாளா என்று எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. எழுதினவன் எல்லாம் உயிரோடு திரும்பி வந்தவன், அதுவும் பென்ஷனோடு வந்தவன். மற்றவன் எங்கே எழுதுவது? யதுகிரி மூன்றையும் மூடி, தூசி தட்டி, அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

மேஜரின் புத்தகமும் அப்படித்தான் நடந்தது. கப்பல் பிரயாணம் ஒரு அத்தியாயம், ஆபீஸர்கள் மெஸ்ஸில் கடைசியாகச் சாப்பிட்ட வாத்துக் கறி இரண்டு பக்கம், சரணடைந்த நாளில் அவர் போட்டிருந்த பூட்ஸ் அரைப் பக்கம். மனுஷருக்கு என்ன ஞாபகசக்தி என்று முதலில் அவள் ஆச்சரியம்கூடப் பட்டாள். ஆறு வாரத்தில் பதிமூன்று அத்தியாயம் அடித்து முடித்தாள்.

பதினாலாவது அத்தியாயம் சிறைமுகாம். கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அடைத்து நியூகினித் தீவுக்குக் கொண்டுபோய், விமானத்தளம் கட்ட மண் சுமக்க வைத்த கதை. யதுகிரி வெள்ளைத் தாள் ஒன்று, கார்பன், மெல்லிய தாள் ஒன்று என்று அடுக்கி மெஷினில் உருட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். அவள் அடிக்கும்போது விரல்தான் படிக்கும், மனசு பின்னால் வரும். மூன்றாவது பக்கத்தில் விரல் ஒரு பேரை அடித்தது. அடித்துவிட்டு அடுத்த வரிக்கும் போயிற்று. அப்புறம்தான் மனசு வந்து சேர்ந்தது.

சக்ரபாணி.

அவள் வாய் ஒருநாளும் சொல்லாத பேர். தாளில் கறுப்பு மையில் இங்கிலீஷில் நின்றது. மேஜரின் கையெழுத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். எங்கள் ரைட்டர் சக்ரபாணி ஒரு வேடிக்கையான ஆசாமி என்று ஆரம்பித்திருந்தார். குச்சிக் கால்களோடு இரவில் வெளியே வந்து, நிலா தனக்குச் சம்பளம் தருகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். முகாமில் யார் செத்தாலும் ஒரு நோட்டில் பேர், ஊர், திதி எழுதிவைப்பார். இந்தப் பாமர நம்பிக்கைகளைக் கண்டு நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்த நோட்டு என்னோடு பத்திரமாக இந்தியா வந்து சேர்ந்தது. இதை எழுதும்போதுகூட என் மேஜையில்தான் இருக்கிறது.

என் மேஜையில்தான் இருக்கிறது! யதுகிரி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை எடுத்து வைக்கவில்லை. உள்ளே போய் மேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். மேஜர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். முன்னால் தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளை யானை, அதற்குக் கீழே எண்ணெய்க்கறை படிந்த சின்ன நோட்டு ஒன்று. ஆறு வாரமாக அவள் தினமும் அந்த அறைக்கு வந்து போயிருக்கிறாள். அந்த நோட்டு அங்கேதான் கிடந்திருக்கிறது.

"அன்னிக்கு எங்காத்துக்காரர் பேர் கேட்டேளே. இப்போ சொல்றேன், கேட்டுக்கோங்கோ" என்றாள். "சக்ரபாணி. உங்க ரைட்டர் சக்ரபாணி. குச்சிக் கால் சக்ரபாணி."

ஒரு தடவை சொன்னதும் நாக்கு கூசியது, மூன்றாவது தடவை கூசவில்லை. மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு தமிழும் இங்கிலீஷுமாக ஏதேதோ சொன்னார். திரும்பி வந்தபோது தாம் தொண்ணூறு ராத்தல் எடைதான் இருந்ததாம். ஆறு மாசம் ஆஸ்பத்திரியாம். நோட்டைப் பட்டாள ஆபீஸில் கொடுத்தால் எங்கேயாவது போட்டுவிடுவார்கள் என்று தாமே வைத்துக்கொண்டாராம். அந்தந்த வீட்டுக்கு எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாராம். ஏன் எழுதவில்லை என்றாள் யதுகிரி. அவர் ஜன்னலுக்கு வெளியே கேட்டைப் பார்த்தார்.

"எழுதினா வருவா. நாப்பது குடும்பம், கொள்ளேகால், ஹனூர், மண்டியான்னு எங்கேர்ந்தெல்லாமோ வந்து வாசல்ல நின்னு அழுவா. எப்படிச் செத்தான், என்ன சொன்னான்னு கேப்பா. யாரால பதில் சொல்ல முடியும்? என்னால முடியலே."

அதையாவது உண்மையாகச் சொன்னாரே. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? எந்த நாளில் போனார் என்று கேட்டாள். மேஜர் நெற்றியைத் தேய்த்தார். மழைக்காலம் என்றார். அந்தத் தீவில் எப்போதும் மழைதான் என்று அவரே எழுதியிருந்தார். நாற்பத்துநாலா, நாற்பத்தைந்தா என்றாள். நாற்பத்துநாலு என்று நினைக்கிறேன் என்றார். தமக்கும் அப்போது காய்ச்சல் என்றார்.

"முந்நூத்திப் பன்னண்டு பக்கம் உங்க கையெழுத்தை உக்காந்து அடிச்சிருக்கேன்" என்றாள் யதுகிரி. "மெஸ்ஸில வாத்து வேகலேங்கறது ஞாபகம் இருக்கு. பூட்ஸுக்கு எத்தனை கண்ணுன்னு ஞாபகம் இருக்கு. ஒரு மனுஷர் செத்த நாள் மட்டும் ஞாபகம் இல்லே."

பித்தளை யானையை நகர்த்திவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள். அதைப் புத்தகத்தில் படமாகப் போட வேண்டும், நாளைக்குத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று மேஜர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லட்சுமிபுரத்திலிருந்து வீடுவரை நோட்டை மடியில் கட்டிக்கொண்டு நடந்தே போனாள். வழியில் தெரிந்தவர்கள் யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை.

வீட்டில் மாமனார் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பென்சில் எழுத்து, பொடிப்பொடியாக, வரி கோணாமல். நாற்பத்தொரு பேர். பேர், ஊர், தகப்பன் பேர், மாசம், பட்சம், திதி. மேகம் மூடியிருந்த இரவுகளில், நிலா தெரியவில்லை, நேற்றைய கணக்கை வைத்து எழுதியது என்று பக்கத்திலேயே குறிப்பு. துலுக்கச் சிப்பாய்கள் நாலு பேருக்கு அவர்கள் பிறைக் கணக்கில் நாள் எழுதியிருந்தது. நிலா எல்லாருக்கும் ஒன்றுதானே. முகாமில் பஞ்சாங்கம் ஏது, கடிகாரம் ஏது? பகலெல்லாம் மண் சுமந்துவிட்டு, அந்த மனுஷர் அண்ணாந்து பார்த்துப் பார்த்து இதைக் கணக்குப் பண்ணியிருக்கிறார். ஊரில் இவர்கள் வீட்டில் நாள் தெரியாமல் தவிப்பார்களே என்று. இதைப் பார்த்துத்தான் மேஜருக்குச் சிரிப்பு வந்ததாம்.

கடைசி வரியில், கரியப்பன், கோபிநத்தம், ஐப்பசி, பௌர்ணமி என்றிருந்தது. அதற்குக் கீழே காலி. பக்கங்கள் எத்தனையோ மீதி இருந்தன. எழுதுகிறவர் போன பிறகு எழுத ஆள் இல்லை. அந்தப் பௌர்ணமிக்கு அப்புறம் என்றைக்கோ ஒரு நாள் என்பது மட்டும் தெரிந்தது. அது மறுநாளாகவும் இருக்கலாம், மூன்று மாசம் கழித்தும் இருக்கலாம். ஆழ்வார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அமாவாசையையே வைத்துக்கொள்ளலாமே என்றார். யதுகிரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பஞ்சாங்கத்தை மூடிவைத்தார். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நிலாவைப் பார்த்து நாள் குறித்தவருக்கு, குத்துமதிப்பாக ஒரு நாளா?

மறுநாளே தபாலாபீஸில் நாற்பத்தொரு கார்டு வாங்கினாள். மகாளய அமாவாசைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் போய்ச் சேர்ந்தால் இந்த வருஷமாவது அவரவர் வீட்டில் பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். தமிழ் வீடுகளுக்குத் தமிழில், மற்றவர்களுக்குக் கன்னடத்தில் எழுதினாள். உங்கள் மகன் இன்னார், இன்ன மாசம் இன்ன திதியில், நியூகினித் தீவில் காலமானார். நாளைக் குறித்துவைத்தவர் ரைட்டர் சக்ரபாணி. இந்த நோட்டு ஏழு வருஷமாக மேஜர் கேசவமூர்த்தி வீட்டில் இருந்தது, மற்ற விவரம் அவருக்குத் தெரியும் என்று எழுதி, லட்சுமிபுரம் விலாசத்தைத் தெளிவாகப் போட்டாள். அதற்குக் கீழே, சக்ரபாணி மனைவி யதுகிரி என்று கையெழுத்து, இன்ஸ்டிட்யூட் விலாசம். ஆழ்வார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திதியையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். மேஜர் விலாசத்தைப் போட வேண்டுமா அம்மா என்று ஒருமுறை கேட்டார். போட வேண்டும் என்றாள்.

மேஜர் பாலனுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார். நோட்டு வேண்டும், மிச்ச அத்தியாயம் அடிக்க வேண்டும், தசரா நெருங்குகிறது என்று. பாலன் பாவம், இரண்டு பக்கமும் இடிபட்டார். யதுகிரி வேறு வேலையை எடுத்து அடித்துக்கொண்டிருந்தாள்.

மகாளய அமாவாசைக்கு மறுவாரம் ஒருநாள் காலை, இன்ஸ்டிட்யூட் மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும், அறுபது மாதிரித் தெரிந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. கார்டைத் தலைப்பாகைக்குள் வைத்திருந்தார். மெஷின் சத்தத்தில் பேசத் தெரியாமல் நின்றார். யதுகிரி கையைக் காட்டினாள், எட்டு மெஷினும் நின்றது. பேர் ஜடையன், ஊர் கோபிநத்தம், நோட்டில் கடைசி வரியில் இருந்த கரியப்பனின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒன்றாகச் சிறைப்பட்டு, தம்பி மட்டும் திரும்பி வந்திருக்கிறார். படிப்பு வாசனை கிடையாது. கார்டைக் கடைக்காரர் ஒருவர் படித்துச் சொன்னாராம். அண்ணன் செத்த நாள் அவருக்கே தெரியும், அதற்காக வரவில்லை. ரைட்டர் அய்யா வீட்டம்மா விலாசம் கிடைத்துவிட்டதே என்று ஹனூருக்கு நடந்து, கொள்ளேகாலுக்கு வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"ஏழு வருசமா இதே நெனப்புத்தானுங்க அம்மணி" என்றார் ஜடையன். "பட்டாளத்துல இருந்து கலைச்சு உட்டதும் நேரா மைசூருக்குத்தான் வந்தனுங்க. ரைட்டர் அய்யா ஊடு எங்கீன்னு மேஜர் தொரை ஊட்டுல போயிக் கேட்டனுங்க. நானே போய்ச் சொல்லிக்கறேன், நீ ஊருக்குப் போன்னு சொல்லிப்போட்டாருங்க. சரி, பெரியவிய சொல்லிருப்பாங்கன்னு நானும் போயிட்டனுங்க."

யதுகிரி இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். 1946இல் இந்த ஆள் லட்சுமிபுரம்வரை வந்திருக்கிறார். அங்கிருந்து அவள் வீடு ஒரு மைல்கூடக் கிடையாது. ஏழு வருஷப் பாதிக் குங்குமம், ஏழு வருஷ ஏகாதசி அமாவாசைப் பேச்சு, எல்லாவற்றையும் அந்த மேஜர் கேட்டிலேயே தடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போய் வாத்துக் கறியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐயோ, அந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று இருந்தது அவளுக்கு.

அவர் போனது எந்த நாள், தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாம என்னுங்க? எங்கண்ணனைப் பொதைச்ச அன்னிக்குப் பௌர்ணமின்னு ரைட்டர் அய்யாதான் பாத்துச் சொன்னாரு. அப்பவே அவருக்கு மேலு கொதிக்குதுங்க. அண்ணன் பேரை எழுதிப்போட்டு நோட்டை எங்கிட்டக் குடுத்தாரு. அதுக்கு மூணாம் நாளு பொழுதெறங்கற நேரம் போயிட்டாருங்க. எம்மடியிலதான் உசுரு போச்சு. குழி வெட்டிப்போட்டு நிமுந்தா நெலா அப்பத்தான் மேல வருது, ஒரு பக்கம் தேஞ்சு. எழுதோணும்னு நோட்டை எடுத்தனுங்க. எனக்கு எழுதத் தெரியலீங்க அம்மணி. மேஜர் தொரைகிட்டக் குடுத்து, அய்யா பேரை எழுதிருங்கன்னேன். எழுதறேன்னு வாங்கி வெச்சுக்கிட்டாருங்க."

ஐப்பசி, கிருஷ்ண பட்சம், திருதியை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் ஆழ்வார் பஞ்சாங்கத்தைப் புரட்டக்கூட இல்லை, விரலை மடக்கிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார். பிறகு பிள்ளையின் நோட்டை எடுத்து, கரியப்பன் பேருக்குக் கீழே, பிள்ளை எழுதியது போலவே பொடி எழுத்தில் அந்த வரியை எழுதச் சொல்லி மருமகளிடம் பென்சிலைக் கொடுத்தார். அவள் எழுதினாள். ஜடையனை உள்ளே கூப்பிட்டு, கூடத்தில் இலை போட்டு, ஆழ்வாரே பரிமாறினார். அந்த வீட்டில் அதற்குமுன் நடக்காத காரியம். எதிர்வீட்டுக் கௌரம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள், பார்க்கட்டும்.

அந்த வருஷம் திருதியை தசரா முடிந்த மறுவாரத்தில் வந்தது. ஸ்ரீரங்கபட்டணத்துக்குப் போய்ப் பச்சிமவாகினி ஆற்றங்கரையில் தர்ப்பை உருவத்தை எரித்தார்கள். குங்குமத்தை அழிக்க வழக்கப்படி நாலு பெண்கள் சூழ்ந்துகொள்ள வந்தார்கள். யதுகிரி அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆற்றில் இறங்கித் தானே அழித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள், கரையில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. பதினோரு வருஷ அழுகை.

பத்து நாள் கழித்து பாலன் ஓடிவந்தார். மேஜர் வீட்டு வாசலில் கூட்டமாம், உடனே வரச் சொல்கிறாராம். யதுகிரி நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டுக்கு வெளியே இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஐப்பசி அறுவடை இடைவேளை பார்த்துக் கிளம்பி வந்தவர்கள், மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு அப்படியே வந்தவர்கள், எல்லார் கையிலும் அவள் எழுதிய கார்டு. யாரும் அழவில்லை, யாரும் கத்தவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். காலையிலிருந்து அப்படியே நிற்கிறார்களாம். ஜடையனும் இருந்தார், அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்.

மேஜர் வெராண்டாவில் நின்றிருந்தார். அவள் வெறும் நெற்றியைப் பார்த்ததும் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். மெதுவான குரலில், தப்புதான், நான் மன்னிப்புக் கேட்டு முகவுரையில் உங்கள் புருஷன் பேரைப் போட்டுவிடுகிறேன், நீங்கள் சொன்னால் இவர்கள் கேட்பார்கள், போகச் சொல்லுங்கள் என்றார்.

யதுகிரி படியிறங்கிப் போய்க் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தாள். கூட்டம் உள்ளே வந்து வெராண்டா முன்னால் உட்கார்ந்தது. முன்வரிசையில் மாதம்மா என்று ஒரு கிழவி, ஹனூர்ப் பக்கம். அவள் பிள்ளை நோட்டில் ஏழாவது பேர். கார்டை முந்தானையில் முடிந்திருந்தவள், அவிழ்க்காமலேயே மேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, எம்பையன் சாவையில தண்ணி கேட்டானுங்களா?"

மேஜர் திரும்பினார். யதுகிரியைப் பார்த்தார். அவள் அதற்குள் வெராண்டாவில் இருந்த அவருடைய டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள். பாதியில் நின்ற பதினாலாவது அத்தியாயத்துத் தாளை உருவி எடுத்துக் கீழே போட்டாள். புதுத் தாள், கார்பன், மெல்லிய தாள் என்று அடுக்கி உருட்டினாள். மேலே ஏழாவது பேரை அடித்தாள்.

"பதில் சொல்லுங்கோ" என்றாள். "நான் அடிக்கறேன்."